நரியா, பரியா? முதிர்ந்த சாதுக் குதிரையைத் தேடும் கேள்வி

நிதானமாக ஏறிப்போக, வயது முதிர்ந்த, சாதுவான குதிரை ஒன்று வேண்டும். அதை எங்கே தேடுவது? எவ்வளவு பணம் ஒதுக்குவது? ராசிபுரம் வட்டத்து வெண்ணந்தூர் போன்ற ஓர் ஊரிலிருந்து இப்படிக் கேட்பவருக்கு உள்ளூரில் விடை கிடைப்பது அரிது. தறிச் சத்தமும் மரவள்ளிக் காடும் ஏரிக்கரைப் பாதையும் உள்ள இந்தச் சமவெளியில் மாட்டைப் பற்றிக் கேட்டால் பத்துப் பேர் சொல்வார்கள். குதிரை என்றால் மேற்கே அந்தியூரைக் காட்டுவார்கள். அங்கே குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாவோடு கூடும் குதிரைச் சந்தைக்குத் திப்பு சுல்தான் காலத்து வரலாறு சொல்லப்படுகிறது.

கேள்வி புதியதாகத் தோன்றினாலும் குதிரை வாங்குவது குறித்த எழுத்து இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டது. ஆனால் பழைய ஆசிரியர்கள் பெரும்பாலும் போர்க்குதிரையையும் அரசர் குதிரையையும் மனத்தில் வைத்தே எழுதினார்கள். வேகமும் மிடுக்கும் இளமையும் அவர்கள் தேடியவை. இன்று கேட்பவர் தேடுவது ஏறத்தாழ அதற்கு எதிரானதை. கேள்வி மாறிய பிறகும் விடைகள் மாறாமல் நிற்பதுதான் இந்தத் துறையின் முதல் சிக்கல் என்று தோன்றுகிறது.

கடல்வழி வந்த விலங்கு

தமிழகம் குதிரையை வளர்த்த நாடு என்பதைவிட வாங்கிய நாடு என்பதே பொருந்தும். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் அதிகமான குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதினார். வேகவைத்த சோற்றை இறைச்சியோடு கலந்து குதிரைக்குக் கொடுத்ததையும், லாடம் கட்டத் தெரிந்தவர்கள் அங்கே போகாதபடி வணிகர்கள் பார்த்துக்கொண்டதையும் அவர் சொல்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், குதிரை ஒன்றின் விலை 220 பொன் தினார் என்று குறிக்கிறார். பயணிகளின் எண்களை அப்படியே ஏற்க முடியாது. ஆனால் இருவர் எழுத்திலும் தெரியும் செய்தி ஒன்றே: பெரும்பணம் வாங்குவதில் போயிற்று, பராமரிக்கும் அறிவு அதோடு வந்து சேரவில்லை.

ஆங்கிலேயர் காலத்திலும் நிலை அதிகம் மாறவில்லை. அன்றைய சேலம் மாவட்டத்துக்குள் இருந்த ஓசூரில் 1824இல் படைக்குதிரைகளுக்காகத் தொடங்கிய பண்ணை பின்னாளில் கால்நடைப் பண்ணையாயிற்று. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து ‘வேலர்’ குதிரைகள் கப்பலில் சென்னைக்கு வந்தன. சாதாரண மக்கள் அறிந்த குதிரை ஜட்கா வண்டிக்காரரின் மட்டக்குதிரை மட்டுமே. ஜட்கா மறைந்ததும் அதுவும் கண்ணிலிருந்து மறைந்தது. இன்று நாட்டில் பதிவு பெற்ற குதிரை இனங்களில் தமிழகத்துக்குரியது ஒன்றும் இல்லை. கொங்குப் பகுதியில் காணும் கத்தியவாரியும் மார்வாரியும் குஜராத், இராஜஸ்தான் வழி வந்தவை. 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு இந்தியா முழுவதும் சுமார் 3.4 இலட்சம் குதிரைகளையே காட்டியது. 2012இலிருந்து ஏழே ஆண்டுகளில் 45 விழுக்காட்டுக்கு மேல் சரிவு. தேடுபவருக்கு இதன் நேரடிப் பொருள், தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் குதிரைகளும் குறைவு, குதிரை அறிந்தவர்களும் குறைவு என்பதே.

சுழி பார்ப்போர்

நம் சந்தைகளில் இன்றும் முதலிடம் சுழிக்குத்தான். ‘சுழி சுத்தம்’ என்ற சொல்லோடுதான் தரகர் பேச்சைத் தொடங்குவார். நெற்றியில், கழுத்தில், விலாவில் மயிர் சுழித்திருக்கும் இடத்தை வைத்து நன்மை தீமை சொல்லும் இம்மரபுக்கு வடமொழி அசுவ சாத்திரங்களில் வேர் உண்டு. சாலிகோத்திரர், நகுலன் பெயர்களில் வழங்கும் நூல்கள் நிறம், சுழி, குரல், மணம் வரை இலக்கணம் வகுக்கின்றன. நகுலன் பெயரிலான நூலைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952இல் அச்சிட்டது.

இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவோர் உண்டு. அவ்வளவு எளிதில் தள்ளத் தேவையில்லை. அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின் 1995இல் மாடுகளில் செய்த ஆய்வில், கண்ணுக்கு மேலே சுழி உள்ளவை கட்டுப்படுத்தும்போது அதிகம் துள்ளின. போலந்தில் கோனிக் குதிரைகளை ஆராய்ந்து 2007இல் வெளியான கட்டுரையும் நெற்றிச் சுழி உயரத்தில் உள்ளவற்றைக் கையாள்வது சற்றுக் கடினம் என்றது. ஆனால் இவை கூட்டத்தின் சராசரியில் தெரியும் மெல்லிய தொடர்புகள். எதிரே நிற்கும் ஒரு குதிரையைப் பற்றி அவற்றை வைத்து எதுவும் உறுதியாகச் சொல்ல இயலாது. மேலும் சந்தைச் சுழி பேசுவது வாங்குபவரின் குடும்ப நலனைப் பற்றி. குதிரையின் குணத்தைப் பற்றியல்ல.

இதில் தேடுபவருக்கு ஒரு நன்மை மறைந்திருக்கிறது. சுழி சரியில்லை என்று கழிக்கப்பட்ட குதிரைக்கு விலை குறையும். அதன் காலுக்கும் முதுகுக்கும் அதனால் ஒரு குறையும் இல்லை. நிதானமான சவாரிக்குத் தேடுபவர் தைரியமாகப் பார்க்க வேண்டியவை அப்படிப்பட்ட குதிரைகள்தாம்.

குளம்பும் பல்லும்

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி எழுதிய கிரேக்கர் செனஃபோன், உடலை ஆராய்வதைக் காலடியிலிருந்து தொடங்கச் சொன்னார். கடைக்கால் சரியில்லாத வீட்டின் மேற்பகுதி அழகாக இருந்து பயனில்லை என்பது அவர் வாதம். இன்றைய கால்நடை மருத்துவரும் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறார். குளம்பில் வெடிப்பு, வெப்பம், அடியில் அழுகல் நாற்றம், கெட்டியான தரையில் ஓட்டிப் பார்க்கையில் நொண்டல் ஆகியவற்றை முதலில் பார்ப்பார். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும்; நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். இதைக் காண மண் புழுதி உதவாது. தார்ச்சாலையோ களத்துச் சிமெண்டுத் தரையோ வேண்டும்.

ஆனால் அதே செனஃபோன், பால்பல் விழுந்து முடிந்த குதிரையால் எதிர்பார்ப்புக்கும் இடமில்லை, அதைத் திரும்ப விற்பதும் கடினம் என்று முதிர்ந்த குதிரையை ஒதுக்குகிறார். போருக்கு ஆள் சேர்ப்பவரின் கணக்கு அது. ஓய்வாக ஏறிப்போக விரும்புகிறவர் அவரிடமிருந்து குளம்பை எடுத்துக்கொள்ளலாம், வயதை விட்டுவிடலாம்.

வயது என்றால் பல். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்னும் பழமொழியே, விலைக்கு வாங்கியதைப் பார்த்தாக வேண்டும் என்பதற்குச் சான்று. கீழ்வரிசை முன்பற்களில் உள்ள குழிகள் ஏறத்தாழ ஆறு, ஏழு, எட்டு வயதுகளில் வரிசையாகத் தேய்ந்து மறையும். அதன்பின் மேல்வரிசை ஓரப் பல்லில் பத்து வயதளவில் ஈறருகே ஒரு கோடு தோன்றி, பதினைந்தில் பாதி நீளமும் இருபதில் முழு நீளமும் இறங்கும் என்பது சிட்னி கால்வேன் 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய விதி. அந்தக் காலத்து ஆங்கிலச் சந்தைகளில் பல்லைக் குடைந்து, கருக்கி, இளமையாகக் காட்டும் மோசடி வெகுவாக நடந்தது.

விதியும் அவ்வளவு உறுதியானதல்ல. பிறந்த தேதி பதிவான குதிரைகளை வைத்து 1990களில் பிரித்தானியாவில் நடந்த ஆய்வுகள், வயது ஏற ஏறப் பல்வழி மதிப்பீடு தவறுவதைக் காட்டின. மணல் கலந்த புல்லை மேய்ந்த குதிரையின் பல் விரைவாகத் தேயும். கொட்டிலிலேயே நின்றதன் பல் மெதுவாகத் தேயும். ஆகவே ‘பன்னிரண்டு வயது’ என்று சந்தையில் சொல்லப்படுவதைப் பத்துக்கும் பதினெட்டுக்கும் இடையே என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. நம் தேவைக்கு அந்த இடைவெளி பெரிய தடையில்லை. முதிர்ந்த குதிரையின் வாயில் வயதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது அது மெல்லுகிறதா என்பதை. சோளத்தட்டையோ புல்லையோ பாதி மென்று உருண்டையாகத் துப்பினால் கடைவாய்ப் பல் கெட்டிருக்கிறது. அதற்கு வாழ்நாள் முழுவதும் ஊறவைத்த தீனிதான்.

எந்த அமைதி?

இந்தக் கேள்வியின் நடுநரம்பு இதுதான். அமைதி வயதோடு தானாக வரும் என்ற நம்பிக்கை எங்கும் உண்டு. அதற்கு ஆதாரம் மெலிந்தது. பிரான்சில் லேயா லான்சாத் முதலியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வுகள், மிரளும் இயல்பு குட்டிப் பருவத்திலேயே தெரிந்து பின்னரும் பெரிதும் நிலைப்பதாகக் காட்டின. அப்படியானால் இளமையில் மிரண்டது முதுமையில் சாதுவாகும் என்று எண்ணுவதற்கு வலுவான காரணமில்லை. பழக்கத்தால் குறிப்பிட்ட காட்சிகளுக்கு மிரளாமல் இருக்கக் கற்றிருக்கும், அவ்வளவே.

இதைவிடக் கவலைக்குரிய வாதம் ஒன்று கடந்த பதினைந்து ஆண்டுகளில் எழுந்திருக்கிறது. பிரான்சில் கரோல் ஃபியூரே குழுவினர் 59 சவாரிப் பள்ளிக் குதிரைகளைக் கவனித்து 2012இல் எழுதினர். சில குதிரைகள் கழுத்தை முதுகு மட்டத்துக்குத் தாழ்த்தி, கண் இமைக்காமல், காது அசையாமல் வெறித்து நின்றன. தங்கள் கொட்டிலில் சுற்றி நடப்பதைச் சட்டை செய்யவில்லை. உடலில் தொட்டாலும் உணர்வு மந்தம். ஆனால் புதிய, கடினமான சூழலில் விட்டபோது இதே குதிரைகள் மற்றவற்றைவிட அதிகம் பதறின. ஆய்வாளர்கள் இதை மனச்சோர்வோடு ஒப்பிட்டார்கள். அந்த ஒப்புமை சரியா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வாங்க வந்தவர் கண்ணுக்கு இப்படி நிற்கும் குதிரை ‘தங்கமான சாது’ என்றுதான் படும் என்பதில் ஐயமில்லை.

வலியும் அமைதிபோல் தோன்றும். குதிரைமேல் ஆள் இருக்கும்போது வெளிப்படும் 24 வலிக்குறிகளைப் பிரித்தானிய மருத்துவர் சூ டைசன் குழு 2018இல் பட்டியலிட்டது. காதை நெடுநேரம் பின்னுக்கு மடக்குதல், வாயைத் திறந்தே வைத்தல், வாலைச் சுழற்றுதல், வெறித்த பார்வை, நகர மறுத்தல் போன்றவை அவை. எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்கக் கூடும் என்பது அவர்கள் முடிவு. ‘சோம்பேறி, மெல்லத்தான் போகும்’ என்று விற்பவர் புகழும் குதிரையில் இவற்றை எண்ணிப் பார்ப்பது நல்லது.

பசி இன்னொன்று. விலா எலும்பு எண்ணும்படி மெலிந்த குதிரை துள்ளாது. துள்ள அதனிடம் தெம்பில்லை. அமெரிக்காவின் ஹென்னக்கே 1983இல் வகுத்த உடல்நிலை அளவு ஒன்றிலிருந்து ஒன்பது வரை செல்கிறது. மூன்றுக்குக் கீழே உள்ள குதிரையின் குணத்தை யாராலும் மதிப்பிட முடியாது என்றே கொள்ள வேண்டும். ஒரு மாதம் கொள்ளும் தட்டும் வயிறார உண்ட பிறகு நிற்பது வேறு குதிரை. மயக்க ஊசியும் வலி மருந்தும் தரும் அமைதி சில மணி நேரத்திலோ சில நாளிலோ தீர்ந்துவிடும். இரத்த மாதிரி எடுத்துப் பரிசோதித்தாலன்றி அது கண்ணில் படாது.

மாணிக்கவாசகர் பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பணத்தோடு திருப்பெருந்துறைக்குப் போன கதையைத் திருவிளையாடற் புராணம் சொல்கிறது. பகலில் மதுரைக்கு வந்து சேர்ந்த பரிகள் அன்றிரவே நரிகளாக மாறி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்தன. பக்திக் கதையாகவே அதைப் படிக்கிறோம். ஆனால் குதிரை வியாபாரத்தில் பகலில் கண்டது இரவில் நிலைக்காது என்ற அச்சம் எவ்வளவு பழையது என்பதற்கும் அது சான்று. பசி, வலி, சோர்வு, மருந்து ஆகிய நான்கும் தருவது நரியின் அமைதி. பழக்கமும் நலமும் சேர்ந்து தருவதே பரியின் அமைதி. இவற்றைப் பிரித்துக் காட்ட ஒருநாள் போதாது.

இதனால்தான் அனுபவமுள்ளோர் பெரும்பாலும் ஒரே முறையில் வந்து சேர்கிறார்கள்: சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு மூன்று முறை, வெவ்வேறு நேரத்தில் போய்ப் பார்ப்பது. கட்டுத்தறியிலிருந்து அவிழ்ப்பது முதல் சேணம் வைப்பது வரை நேரில் காண்பது. முதலில் உரிமையாளரையே ஏறிக் காட்டச் சொல்வது. மற்றக் குதிரைகளை விட்டுத் தனியாக ஊருக்கு வெளியே போய் வரச் செய்வது. நான்கு காலையும் தூக்கிப் பார்ப்பது. முடிந்தால் இரண்டு வாரம் கெடு வைத்துப் பாதிப் பணத்தோடு கொண்டுவருவது. விலங்கு விற்பவர் அதன் நோயையும் குறையையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்று பழைய ரோமின் சந்தை அதிகாரிகளே ஆணை போட்டிருந்தார்கள். நம் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து முடியும் பேரத்தில் அப்படி ஒரு வாக்குமூலம் இல்லை. எழுதி வாங்கிக்கொள்வதைத் தரகர் அவமரியாதையாகக் கருதலாம். பரவாயில்லை.

எங்கே தேடுவது

அந்தியூர் பார்க்கத் தகுந்த இடம். பல இனங்களையும் உயரங்களையும் ஒரே இடத்தில் கண்டு கண்ணைப் பழக்கிக்கொள்ள அதற்கு நிகர் இல்லை. ஆனால் வாங்க? கூட்டமும் மேளமும் பயணக் களைப்பும் சேர்ந்த இடத்தில் எந்தக் குதிரையும் தன் இயல்பில் இருக்காது. மேலும் அங்கே பெயர் பெறுபவை இலட்சங்களில் விலை சொல்லப்படும் காட்சிக் குதிரைகளும் இனப்பெருக்க ஆண் குதிரைகளும். நம் பக்கத்தில் காயடிக்கும் பழக்கம் பரவலாக இல்லாததால் ஆண் குதிரை என்றால் பெரும்பாலும் முழு ஆண். புதிதாகத் தொடங்குபவருக்கு அது வேண்டாம் என்பதில் அநேகமாக எல்லாத் தரப்பும் ஒன்றுபடுகின்றன. குட்டி ஈன்று முடித்த பெண் குதிரையோ காயடித்த ஆணோ உகந்தது.

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரை மலிவாகக் கிடைக்கக் கூடும் என்பது நெடுநாள் யோசனை. கிண்டி, உதகை பந்தயத் திடல்களின் நிலத்தை அரசு 2024இல் மீட்ட பிறகு இந்த வழியின் எதிர்காலமே ஐயத்துக்குரியது. தவிர, ஐந்தாறு வயதில் ஓய்வு பெறும் அந்தக் குதிரைக்கு இளமை மிச்சம்; வேகம் ஒன்றே தெரியும்; மென்மையான தோலும் சன்னக் காலும் சேலத்துச் சித்திரை வெயிலுக்குப் பழகியவையல்ல.

உதகை, கொடைக்கானல் ஏரிக்கரைகளிலும் மெரினாவிலும் ஆளேற்றும் குதிரைகள் நாம் தேடும் குணத்துக்கு மிக அருகில் வருபவை. குழந்தையின் அலறலுக்கும் பலூனுக்கும் அவை அசைவதில்லை. குறை என்னவென்றால் பல குட்டையானவை. முதுகுப் புண்ணும் மரத்துப்போன வாயும் சாதாரணம். ஒருவர் கயிற்றைப் பிடித்து நடந்தால் தொடரத் தெரியுமே தவிர, தனியே வழிநடத்தப்படத் தெரியாது. மாப்பிள்ளை ஊர்வலக் குதிரைகளும் அப்படியே. அதிலும் மேளத்துக்கு ஆடப் பழகியவை, எங்கோ கோயிலில் பறை அடித்தால் நடுச்சாலையில் காலைத் தூக்கத் தொடங்கும்.

எஞ்சுவது தனியாரிடம் இருக்கும் குதிரை. பிள்ளைகள் படிப்புக்கு வெளியூர் போனபின் தோட்டத்தில் சும்மா நிற்பது, சவாரிப் பள்ளி குறைத்துக்கொள்வது போன்றவை. இவை விளம்பரத்தில் வருவதில்லை. லாடம் கட்டுபவரையும் கால்நடை மருத்துவரையும் கேட்டால்தான் தெரியவரும். அவர்களுக்கு ஒவ்வொரு குதிரையின் காலும் குணமும் மனப்பாடம். ஒரே உரிமையாளரிடம் ஐந்தாறு ஆண்டு இருந்ததற்குச் சாட்சி சொல்ல ஊரார் இருப்பது, எந்தச் சுழியையும் பல்லையும்விட வலுவான ஆதாரம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

எடையும் அளவும்

சந்தையில் குதிரையை இஞ்சில் அளப்பார்கள்: 56, 58, 60. ஏறுபவருக்கு உயரத்தைவிட எடை முக்கியம். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது படைகளிலிருந்து வந்த பழைய விதி. ஓஹையோவில் எட்டுக் குதிரைகளை வைத்து 2008இல் வெளியான ஆய்வில், சுமை 25, 30 விழுக்காடானபோது இதயத் துடிப்பும் தசைவலியும் கூடின. எட்டே குதிரைகள் என்பதால் இதைக் கறாரான எல்லையாகக் கொள்ள முடியாது. ஆனால் முதிர்ந்த குதிரைக்கு எல்லையை மேலும் குறைப்பதுதான் நியாயம்.

எடைமேடை தேவையில்லை, தையல் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னே மார்பைச் சுற்றி அளந்த சென்டிமீட்டரை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டம் வரையான நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோவில் எடை ஏறத்தாழ வரும். சுற்றளவு 160, நீளம் 150 என்றால் சுமார் 323 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு 65 கிலோ. சேணம் எட்டுக் கிலோ போனால் ஏறுபவர் 57 கிலோவுக்குள் இருக்க வேண்டும். 75 கிலோ எடையுள்ளவருக்குத் தேவை 415 கிலோக் குதிரை. சந்தையில் நிற்கும் பல குதிரைகளை இந்த ஒரு கணக்கே கழித்துவிடும்.

வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும்

பணம் ஒதுக்குவது பற்றி இரண்டு தரப்பு உண்டு. விலையில் கஞ்சம் காட்டாமல் நல்லதை வாங்கு என்பது ஒன்று. விலை சிறிது, பராமரிப்பே பெரிது, அதை முதலில் கணக்கிடு என்பது மற்றொன்று. முதிர்ந்த குதிரையைப் பொறுத்தவரை இரண்டாவதே சரி என்று கணக்குக் காட்டுகிறது.

முந்நூறு கிலோக் குதிரை நாளுக்குத் தன் எடையில் இரண்டு விழுக்காடு, அதாவது ஆறு கிலோ அளவுக்கு உலர்தீனி உண்ணும். ஐந்தரைக் கிலோ தட்டு, ஒரு கிலோ கொள்ளு, கொஞ்சம் தாது உப்பு என்று வைப்போம். தட்டு கிலோ 10 ரூபாய், கொள்ளு 70 ரூபாய், உப்பு 10 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் நாளுக்கு 135 ரூபாய். ஆண்டுக்கு 49,000 ரூபாய்க்குச் சற்று மேல். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு வெட்டி லாடம் கட்ட வேண்டும். ஆண்டுக்கு ஏழு முறை, முறைக்கு 1,500 என்றால் 10,500 ரூபாய். குடற்புழு மருந்து, இரணஜன்னித் தடுப்பூசி, பல் அராவுதல் இவற்றுக்கு 8,000 ரூபாய். ஆள்கூலி சேர்க்காமலே ஏறத்தாழ 68,000 ரூபாய். இந்த விலைகள் எடுத்துக்காட்டுக்காகக் கொண்டவை. வாசகர் தம் ஊர் விலையைப் போட்டுப் பார்க்கலாம். குதிரை 25 வயதைத் தாண்டியும் வாழும். பதினைந்து வயதில் 60,000 ரூபாய்க்கு வாங்கியது இருபத்தைந்து வரை இருந்தால் பராமரிப்பு மட்டும் ஏழு இலட்சத்தை நெருங்கும். அதிலும் கடைசி ஐந்தாண்டு அதன்மேல் யாரும் ஏறாமலே கழியலாம்.

வயிற்றுச் சூலை வந்த இரவுக்கென்று தனியே ஒரு தொகை தொடாமல் இருக்க வேண்டும். நாமக்கல்லில் 1985இலிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது இந்தச் சமவெளியின் பெரும் வசதி. வாங்குமுன் செய்யும் பரிசோதனைக்கும் அங்கே ஆலோசனை கேட்கலாம். அந்தப் பரிசோதனையில் கிளாண்டர்ஸ் நோய்க்கான இரத்தச் சோதனை இடம்பெறுவது அவசியம். அது மனிதருக்கும் தொற்றக்கூடியது. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. ஹிசாரிலுள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையம் அதற்கான உச்ச ஆய்வகம்.

இந்த மண்ணின் தீனி

செலவுக் கணக்கில் யாரும் சேர்க்காத ஒன்று இது. மாட்டுக்கு ஆவது குதிரைக்கு ஆகாது என்ற உண்மை இந்தப் பகுதியில்தான் மிகக் கூர்மையாகத் தெரியும்.

நாமக்கல் கோழிப்பண்ணை நாடு. இரத்தக் கழிச்சலைத் தடுக்கக் கோழித் தீவனத்தில் மோனென்சின், சாலினோமைசின் போன்றவற்றைச் சேர்ப்பது உண்டு. கோழிகளில் பாதியைக் கொல்ல ஒரு கிலோ எடைக்குச் சுமார் 200 மில்லிகிராம் மோனென்சின் வேண்டும். குதிரைக்கு இரண்டு மூன்று மில்லிகிராமே இதயத் தசையைச் சிதைத்துக் கொல்லும். முந்நூறு கிலோக் குதிரைக்கு முக்கால் கிராம் போதும். கோழித் தீவன மூட்டை இருந்த சாக்கில் குதிரைத் தீனியைப் போடுவதே ஆபத்து. ஒரே அரவை இயந்திரத்தில் இரண்டையும் அரைப்பதும் அப்படியே.

சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளி, ஆமணக்கு இரண்டுக்கும் சேர்த்து ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்த மண்ணின் பயிர்கள் அவை. மரவள்ளி இலையிலும் தோலிலும் சயனைடு விளையும். ஆமணக்கு விதையின் ரிசின் நஞ்சுக்குக் கால்நடைகளில் குதிரையே மிக எளிதில் இரையாகும். பச்சைச் சோளத்தைத் தொடர்ந்து மேய்ந்த குதிரைக்குச் சிறுநீர்ப்பை கெட்டுப் பின்னங்கால் தள்ளாடும். கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புல்லில் ஆக்சலேட்டு மிகுதி. மாட்டின் வயிறு அதைச் சமாளிக்கும். குதிரைக்குச் சுண்ணாம்புச் சத்து கட்டுண்டுபோகும். அதோடு தவிட்டையும் அள்ளிப் போட்டால் தவிட்டின் பாஸ்பரஸ் மிச்சமிருந்ததையும் இழுத்துக்கொள்ளும். முகஎலும்பு வீங்கி, நடை நொண்டும். பூஞ்சை பிடிக்காத கடலைக்கொடி, நன்கு காய்ந்த தட்டு, அருகம்புல் ஆகியவை நம்பகமானவை.

வாங்காமல் இருப்பது

வாரம் ஒருமுறை ஏற விரும்புபவர் குதிரை வைத்திருக்கவே தேவையில்லை என்ற தரப்பும் வலுவானது. சேலம், ஈரோடு, கோவைப் பக்கங்களில் சவாரி கற்றுத் தருவோர் உண்டு. வாடகைக்கோ பாதிச் செலவுப் பகிர்விலோ ஒரே குதிரையை ஓராண்டு பழகுவது, அதை வாங்குவதற்கான மிக நீண்ட சோதனையாகவும் அமையும். இதன் குறை ஒன்றே: அவ்வாறு பகிர நல்ல முதிர்ந்த குதிரை அருகில் இருக்க வேண்டும்.

தீராதவை

இத்தனை விடைகளுக்குப் பிறகும் சில கேள்விகள் நிற்கின்றன. கத்தியவாரி, மார்வாரிகளுக்குப் பதிவுச் சங்கங்கள் உண்டு. சந்தையில் நிற்கும் கலப்பினத்துக்கு எந்த ஏடும் இல்லை. ஆகவே அதன் வயது கடைசிவரை ஊகமே. உள்நாட்டுக் குதிரைகள் எவ்வளவு சுமையை எத்தனை வயதுவரை சுமக்கலாம் என்பதை மேல்நாட்டு எண்களை வைத்தே பேசுகிறோம். 40 டிகிரியைத் தொடும் கோடையில் வியர்வை நின்றுபோகும் முதிய குதிரையைச் சமாளிக்கும் முறைகளில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஏற முடியாமல் போன பின் குதிரையை என்ன செய்வது என்பது எல்லாவற்றிலும் கடினமானது. பட்டினிக்கும் தாகத்துக்கும் உள்ளாகும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆயினும் முதிய குதிரைகள் கைமாறிக் கைமாறித் தடம் தெரியாமல் போவதை அந்தச் சட்டம் தடுத்ததாகத் தெரியவில்லை.

வயதும் நோயும் கைமாறிய வரலாறும் குதிரையோடு கூடவே போகும் ஏடு ஒன்று இருந்தால் இவற்றில் பாதி தீரும். தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பும் ஒரு சிறு அட்டையும் அதற்குப் போதும். கால்நடை பராமரிப்புத் துறையும் நாமக்கல் கல்லூரியும் வரும் ஆடியில் அந்தியூர் சந்தைத் திடலில் ஒரு மேசையைப் போட்டு, அங்கே வரும் குதிரைகளிலிருந்தே அந்தப் பதிவைத் தொடங்க வேண்டும்.